பாஸ்கா காலத்தின் ஐம்பது நாள்கள்: வீட்டில் செய்யக்கூடிய எளிய அன்றாடப் பயிற்சிகள்

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட சிலுவைப்பாதையைத் தவறவிடாத குடும்பங்கள், உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதை எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் பங்கின் சிறு குழு) ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களிடம் பக்தி குறைந்துவிடவில்லை. தவக்காலத்திற்கு நோன்பு, ஒறுத்தல், உண்டியல் காசு என்று கையில் பிடித்துக்கொள்ள ஏதோ இருந்தது. உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி ஐம்பது நாள்கள் நீளும் பாஸ்கா காலத்திற்கு அப்படி ஒன்றையும் யாரும் கொடுக்கவில்லை.

கீழே உள்ள வரிசை, கத்தோலிக்கக் குடும்பங்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் செய்து பார்த்து, இடறிய இடங்களைத் திருத்தி அமைத்தது. மற்ற திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள் மரியாவை நோக்கிய செபத்தின் இடத்தில் உயிர்ப்புப் பாடல் ஒன்றை வைத்துக்கொண்டு இதே வரிசையைப் பின்பற்றலாம். நாங்கள் திருத்தூதர் பணிகள் என்று சொல்லும் நூலை அவர்கள் அப்போஸ்தலர் நடபடிகள் என்பார்கள். அதிகார எண்கள் ஒன்றே.

1. பெரிய வாரத்திலேயே எடுத்து வைக்க வேண்டியவை

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய அந்த வாரத்தில் ஐந்து பொருள்களை எடுத்து வைத்தால் போதும்: ஒரு விவிலியம், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு மெழுகுதிரி, தீர்த்தம் (கோயிலில் ஆசீர்வதித்த நீர்) கொண்டுவர மூடியுள்ள ஒரு சிறு புட்டி, ஒரு குறிப்பேடு, ஐம்பது கட்டங்கள் வரைந்த ஒரு தாள்.

அந்தத் தாளை முதலில் தயார் செய்யுங்கள். உயிர்ப்பு ஞாயிறு முதல் நாள். தூய ஆவிப் பெருவிழா (பெந்தகோஸ்து) ஐம்பதாம் நாள். 2026-ல் இது ஏப்ரல் 5 முதல் மே 24 வரை. 2027-ல் மார்ச் 28 முதல் மே 16 வரை. ஒவ்வொரு கட்டத்திலும் தேதியை எழுதி, ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் வண்ணத்தால் நிரப்புங்கள். சுவரில் ஐம்பது கட்டங்களும் கண்ணில் படும்போதுதான், இந்தக் காலம் தவக்காலத்தைவிட நீளமானது என்பது வீட்டில் உள்ளவர்களுக்கு உறைக்கிறது.

பொருள்களை, உயிர்ப்புக்கு முந்திய இரவில் நடக்கும் திருவிழிப்புக்கு முன்பே சேர்த்து வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தீர்த்தமும், கோயிலின் பெரிய பாஸ்கா திரியிலிருந்து ஏற்றப்பட்ட சிறு திரியும் அந்த இரவில்தான் கைக்கு வரும். புட்டி இல்லாமல் போனால், மிச்சமிருக்கும் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வருவோம். இரண்டு நாளில் யாராவது தெரியாமல் குடித்துவிடுவார்கள். எங்கள் தெருவிலேயே இது நடந்திருக்கிறது.

2. நேரத்தைப் புதிதாக உருவாக்காதீர்கள்

“நாளை முதல் காலை ஐந்து மணிக்கு எழுந்து செபிப்போம்” என்று தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு வாரத்தைத் தாண்டுவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் இரவு வெக்கையில் தூக்கமே சரியாக வராது. அந்த உடம்பை ஐந்து மணிக்கு எழுப்பினால் செபத்தின் மேலேயே சலிப்பு வரும்.

வீட்டில் ஏற்கெனவே நாள்தோறும் நடக்கும் ஒரு செயலோடு செபத்தைக் கட்டிவிடுங்கள். மாலையில் விளக்குப் போடும் நேரம், காலையில் பால் காய்ச்சும் நேரம், இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கும் நேரம் என எதுவாகவும் இருக்கலாம். குடும்பத்தில் பெரும்பாலோர் வீட்டில் இருக்கும் வேளை எது என்பது மட்டும்தான் கேள்வி. கடிகாரத்தைப் பார்த்துச் செய்வது மறந்து போகும். பால் காய்ச்சுவது மறக்காது.

3. முதல் எட்டு நாள்கள்: ஒரே ஒரு செபம், நின்றுகொண்டு

உயிர்ப்பு ஞாயிறு முதல் அடுத்த ஞாயிறான இறை இரக்க ஞாயிறு வரையுள்ள எட்டு நாள்களைத் திருவழிபாடு ஒரே பெருவிழா நாளாகவே கொண்டாடுகிறது. ஆகவே இந்த வாரத்தில் ஒரே ஒரு பயிற்சிதான். “விண்ணக அரசியே, மனம் களிகூரும்” என்று தொடங்கும் செபத்தை நாளுக்கு ஒருமுறை சொல்லுங்கள். மூன்று வேளையும் முடிந்தால் நல்லது; ஒரு வேளையை உறுதியாகப் பிடித்துக்கொள்வது அதைவிட நல்லது.

பாஸ்கா காலம் முழுவதும், காலை, நண்பகல், மாலை சொல்லும் மூவேளைச் செபத்தின் இடத்தில் இந்தச் செபம் வருகிறது. பழக்க தோஷத்தில் வாய் பழைய செபத்துக்கே போகும், முக்கியமாகப் பெரியவர்களுக்கு. செபத்தைப் பெரிய எழுத்தில் எழுதிப் பீடத்தின் அருகில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் வரும் ‘அல்லேலூயா’வை எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கும் செபத்தில் தனக்கென்று ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்தால், மறுநாள் அதுவே நம்மை இழுத்து வந்து நிறுத்தும்.

இதை நின்றுகொண்டு சொல்ல வேண்டும். 325-ஆம் ஆண்டு நிசேயாப் பொதுச்சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் உயிர்ப்பு முதல் பெந்தகோஸ்து வரையுள்ள நாள்களிலும் முழந்தாளிடாமல் நின்றே மன்றாட வேண்டும் என்று விதித்தது. நிற்பது உயிர்த்தெழுந்தவர்களின் நிலை. நாற்பது நாள்கள் முழந்தாளிட்ட உடம்புக்கு, காலம் மாறிவிட்டது என்பதை வார்த்தையைவிட வேகமாகக் கால்கள் சொல்லிவிடும். முழங்கால் வலியுள்ளவர்களும் முதியவர்களும் உட்கார்ந்தே சொல்லலாம், தயங்க வேண்டாம்.

இந்த வாரத்தில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, உற்சாகத்தில் ஐந்தாறு பயிற்சிகளைச் சேர்த்துத் தொடங்குவது. வாசிப்பு, செபமாலை, பாடல், தியானம் என்று முதல் திங்கட்கிழமையே நாற்பது நிமிடம் போகும். இரண்டாம் வாரம் உறவினர்கள் யாராவது ஊரிலிருந்து வந்துவிட்டால் எல்லாமே ஒன்றாக நின்றுபோகும். எட்டு நாள்கள் ஒன்றை மட்டும் செய்யுங்கள். அதற்கு ஒரு நிமிடத்துக்குமேல் ஆகாது.

4. திரியை ஏற்றுவது

திருவிழிப்பில் கையில் பிடித்த சிறு திரியால் உங்கள் பெரிய திரியை முதல் நாள் ஏற்றுங்கள். அதன்பின் செப வேளையில் மட்டும் எரியட்டும். நாளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐம்பது நாளுக்கும் சேர்த்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு திரியே போதும். ஒரே திரி நாளுக்கு நாள் குட்டையாவதைப் பார்ப்பதும் ஒரு கணக்குதான்.

கேட்க எளிதாக இருக்கும் இந்தப் படியில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். காரணம் மின்விசிறி. திரி அணைகிறது என்று விசிறியை நிறுத்துவார்கள், வியர்வை வழியும், குழந்தைகள் நெளிவார்கள், செபத்தை அவசரமாக முடிப்பார்கள். நான்காம் நாள் திரியை விட்டுவிடுவார்கள்.

எங்கள் அன்பியத்தில் ஒரு பாட்டி இதற்கு வழி கண்டுபிடித்தார். பழைய அரிக்கேன் விளக்கின் கண்ணாடிச் சிம்னியைத் திரிமேல் கவிழ்த்தார். முதலில் சுடர் திணறி அணைந்தது. அடியில் இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை வைத்துச் சிம்னியைச் சற்று உயர்த்தினார். கீழிருந்து காற்று புகுந்ததும் சுடர் நேராக நின்றது. மேலே விசிறி முழுவேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது எங்கள் பகுதியில் பல வீடுகளில் இதே ஏற்பாடுதான். சிம்னி கிடைக்காவிட்டால் உயரமான கண்ணாடிக் குவளையின் உள்ளே திரியை நிறுத்தலாம். சிம்னி சூடாகும், அதைத் தொடும் வேலையைப் பெரியவர்களே பார்க்கட்டும்.

5. ஒன்பதாம் நாள் முதல்: திருத்தூதர் பணிகள்

இரண்டாம் திங்கட்கிழமை வாசிப்பைச் சேர்க்கிறோம். பாஸ்கா காலம் முழுவதும் திருப்பலியின் முதல் வாசகம் திருத்தூதர் பணிகளிலிருந்தே வருகிறது. அதையே வீட்டில் தொடர்ச்சியாக வாசித்தால், ஞாயிறன்று கோயிலில் கேட்கும் பகுதி எங்கிருந்து வருகிறது என்பது தானாகவே பிடிபடும்.

கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஒன்பதாம் நாளிலிருந்து நாற்பத்தொன்பதாம் நாள் வரை, ஞாயிறுகளை நீக்கினால் 36 நாள்கள். நூலில் 28 அதிகாரங்கள். அவற்றில் 2, 5, 7, 9, 10, 13, 15, 27 ஆகிய எட்டும் நீளமானவை. இவற்றை மட்டும் இரண்டிரண்டு நாளாகப் பிரித்தால் சரியாக 36. இதைக் கட்டத் தாளில் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். “இன்று எது?” என்று தேடுவதில் வீணாகும் இரண்டு நிமிடம் பலரின் வாசிப்பை நிறுத்தியிருக்கிறது. ஞாயிறன்று அன்றைய நற்செய்தியை வாசித்தால் போதும்.

ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். நாளுக்கு ஒருவராக மாறி மாறி வாசியுங்கள். முடிந்ததும் மனத்தில் நின்ற ஒரு சொல்லையோ காட்சியையோ ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

இங்கே நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு: யாரும் மறையுரை (பிரசங்கம்) ஆற்றக் கூடாது. நான் அறிந்த ஒரு வீட்டில் அப்பா நாள்தோறும் வாசகத்தை மகனின் மதிப்பெண்ணோடு இணைத்து விளக்கம் கொடுத்தார். பத்து நாளில் பையன் செப வேளைக்குச் சரியாக நண்பன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். இறைவார்த்தை அவனிடம் பேச வேண்டியதைப் பேசட்டும். அவனுக்கு இடம் கொடுத்தால் போதும்.

இந்த நூலில் குழந்தைகளைப் பிடித்து இழுக்கும் காட்சிகள் நிறைய இருக்கின்றன. பன்னிரண்டாம் அதிகாரத்தில் சிறையிலிருந்து தப்பி வந்த பேதுரு கதவைத் தட்டுகிறார். பணிப்பெண் அவர் குரலைக் கேட்ட மகிழ்ச்சியில் கதவைத் திறக்கவே மறந்து உள்ளே ஓடுகிறாள். இருபதாம் அதிகாரத்தில் பவுல் நள்ளிரவு வரை பேச, சன்னலில் உட்கார்ந்திருந்த இளைஞர் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறார். இருபத்தேழில் கப்பல் உடைகிறது. அந்த நாள்களில் வாசிப்பைச் சிறியவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.

6. மூன்றாம் வாரம்: வாசலில் தீர்த்தம்

ஒரு சிறு கிண்ணத்தில் தீர்த்தத்தை ஊற்றி, வெளியே போகும் வாசலருகே கை எட்டும் உயரத்தில் வையுங்கள். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது விரல் நனைத்துச் சிலுவை அடையாளம் வரையுங்கள். திருவிழிப்பில் நாம் புதுப்பித்த திருமுழுக்கு வாக்குறுதிகள் கோயிலோடு நின்றுவிடாமல் அலுவலகத்துக்கும் கடைக்கும் நம்மோடு வர வேண்டும் என்பதே இதன் பொருள். வீட்டினுள் பீடத்தில் வைத்தால் இந்தப் பொருள் போய்விடும்.

வெயில் காலத்தில் கிண்ணம் சீக்கிரம் வற்றும். திறந்த நீரில் கொசுவும் முட்டையிடும். கொஞ்சமாக ஊற்றி, வாரம் இருமுறை கிண்ணத்தைக் கழுவி மாற்றுங்கள். பழைய நீரைச் சாக்கடையில் கொட்டாமல் செடியின் வேரில் ஊற்றுங்கள். புட்டியை வெயில் படாத இடத்தில் இறுக மூடி வையுங்கள்.

இதே வாரத்தில் இன்னொரு வேலை. வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் திருமுழுக்குத் தேதியையும் கண்டுபிடித்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறந்த நாளும் கல்யாண நாளும் எல்லாருக்கும் தெரியும். இது பெரும்பாலோருக்குத் தெரியாது. எந்தப் பங்கில் திருமுழுக்குப் பெற்றோமோ அந்தப் பங்கு அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கும். பெற்றோர் பெயரும் பிறந்த ஆண்டும் சொன்னால் தேடுவது எளிது. சொந்த ஊருக்கு விடுமுறையில் போகிறவர்கள் அப்போதே கேட்டு வாங்கிவிடலாம்.

7. நான்காம் வாரம்: இரவில் ஒரு வரி

எம்மாவு நோக்கிப் போன இரு சீடர்கள், வழியெல்லாம் தங்களோடு நடந்த உயிர்த்த இயேசுவை அடையாளம் காணவில்லை. அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறந்தது. உடனே அவர் மறைந்துவிட்டார். அதன்பிறகே, வழியில் தங்கள் உள்ளம் பற்றி எரிந்ததை நினைத்துப் பார்க்கிறார்கள். திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. அதனால்தான் இந்தப் பயிற்சியை இரவில் வைக்கிறோம்.

படுக்கும்முன் குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இன்று ஆண்டவர் எங்கே என்னோடு நடந்தார்? “நல்ல உடல்நலம் தந்தார், நன்றி” என்று நாள்தோறும் எழுதினால் ஒரு வாரத்தில் கை தானாக எழுதும், மனம் வராது. இடமும் ஆளும் இருக்கும்படி எழுதுங்கள். ஒரு குறிப்பேட்டிலிருந்து, அனுமதி பெற்று, ஒரு வரி: “பஸ்சில் நின்றுகொண்டிருந்தேன். பள்ளிச் சிறுமி எழுந்து இடம் கொடுத்தாள். என் பையையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.” அவ்வளவு போதும். அந்த வரியை மூன்று வாரம் கழித்து வாசித்தாலும் அந்த பஸ் நினைவுக்கு வரும்.

இங்கே ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். அண்மையில் மரணம் நடந்த வீடுகளில் ‘இது மகிழ்ச்சியின் காலம்’ என்று சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்ட மகதலா மரியா, அழுதுகொண்டுதான் நின்றாள். அவரைத் தோட்டக்காரர் என்றே நினைத்தாள். கண்ணீரைத் துடைத்துவிட்டு வரும்படி ஆண்டவர் அவளிடம் சொல்லவில்லை. பெயர் சொல்லி அழைத்தார்.

எங்கள் பகுதியில் ஓர் அக்கா தவக்காலத்தில் கணவரை இழந்தார். பாஸ்கா காலம் வந்தபோது, “அல்லேலூயா என்று என் வாயில் வரவில்லை” என்றார். சொல்ல வேண்டாம் என்றோம். பிள்ளைகள் செபத்தைச் சொன்னார்கள். திரியை ஏற்றும் வேலையை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். ஐம்பது நாளும் ஏற்றினார்.

8. ஐந்தாம் வாரம்: சேர்ந்து உண்பது

உயிர்த்த இயேசு திபேரியக் கடற்கரையில் கரியடுப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, “உணவருந்த வாருங்கள்” என்று சீடர்களை அழைத்ததை யோவான் 21 சொல்கிறது. இந்த வாரம் தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை ஒருவரை வீட்டுக்கு அழைத்துச் சேர்ந்து சாப்பிடுங்கள். தனியாக வாழும் முதியவர், விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறவர், வெளிமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் என யாராகவும் இருக்கலாம்.

விருந்து என்று நினைத்தால் இது நடக்காது. பிரியாணிக்கு நாள் பார்த்துக்கொண்டே ஐம்பது நாளும் ஓடிவிடும். அன்று வீட்டில் சோறும் குழம்பும் என்றால் அதுவே போதும். தூக்குச் சட்டியில் கொடுத்தனுப்புவது நல்ல செயல்தான். ஆனால் நாம் தேடுவது உடன் உட்கார்ந்து உண்பதை. பேதுரு தம் சாட்சியத்திலேயே, இயேசு உயிர்த்தெழுந்தபின் அவரோடு உண்டோம், குடித்தோம் என்று சொல்கிறார்.

9. விடுமுறைப் பயணமும் விட்டுப்போன நாள்களும்

பள்ளி விடுமுறை, திருமணங்கள், ஊர்ப் பயணம் எல்லாம் இந்த ஐம்பது நாளுக்குள்தான் வரும். பயணத்தில் ‘விண்ணக அரசியே’ செபத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலிலும் சொல்லலாம்.

வாசிப்பு நான்கு நாள் விட்டுப்போனால் நான்கையும் சேர்த்து ஒரே நாளில் வாசிக்காதீர்கள். அன்றைய தேதிக்குரிய பகுதிக்கே நேராகப் போய்விடுங்கள். பாக்கியை அடைக்கும் மனநிலை வந்துவிட்டால் செபம் கடனாகிவிடும். கடன்காரரைக் கண்டால் ஒளியத்தான் தோன்றும்.

மே மாதத்தில் பல பங்குகளில் மாதா வணக்கமும் செபமாலையும் நாள்தோறும் நடக்கும். அதையும் இந்த வீட்டுச் செபத்தையும் தனித்தனியே வைத்துச் சோர்ந்துபோக வேண்டாம். செபமாலையின் முடிவில் ‘விண்ணக அரசியே’ சொல்லிவிட்டால் அன்றைய பயிற்சி நிறைவேறியது.

10. கடைசி ஒன்பது நாள்கள்: மேல்மாடி அறை

ஆண்டவர் விண்ணேறியபின் சீடர்கள் மரியாவோடு மேல்மாடி அறையில் ஒரே மனத்துடன் வேண்டிக்கொண்டிருந்தார்கள். அதை ஒட்டி, தூய ஆவியாருக்கான ஒன்பது நாள் செபமான நவநாளை நாற்பத்தோராம் நாளான வெள்ளிக்கிழமை தொடங்கி நாற்பத்தொன்பதாம் நாளான சனிக்கிழமை முடியுங்கள். நம் நாட்டில் விண்ணேற்றப் பெருவிழா அடுத்த ஞாயிறன்று கொண்டாடப்படுவதால், அன்றுதான் தொடங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படித் தொடங்கினால் ஏழு நாள்களே கிடைக்கும். அந்த வெள்ளிக்கிழமையைக் கட்டத் தாளில் இப்போதே வட்டமிட்டு வையுங்கள்.

புதிதாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. வாசிப்புக்குப்பின் இரண்டு நிமிடம் அமைதியாக நின்று, “தூய ஆவியே, எழுந்தருளி வாரும்” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் மும்முறை சொன்னால் போதும். ஒவ்வொரு நாளும் ஒரு குறிப்பான மனிதருக்காக வேண்டுங்கள், பெயர் சொல்லி. ஒன்பது பெயர்களையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். அந்தப் பட்டியலில் பேச்சுவார்த்தை நின்றுபோன உறவு ஒன்றாவது இருக்கட்டும்.

11. ஐம்பதாம் நாளும் மறுநாளும்

தூய ஆவிப் பெருவிழாவன்று திருத்தூதர் பணிகள் இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தை மீண்டும் வாசியுங்கள். முன்பு வாசித்தபோது கதையின் தொடக்கமாக இருந்தது. பவுல் உரோமை போய்ச் சேர்ந்ததுவரை கேட்டுவிட்ட காதுக்கு இப்போது வேறு மாதிரி ஒலிக்கும். அன்று இரவு குறிப்பேட்டின் வரிகளை ஆளுக்கொரு பக்கமாக வாசிக்கலாம்.

அந்தப் பெருவிழாவோடு கோயிலில் பாஸ்கா திரியைப் பீடத்தின் அருகிலிருந்து எடுத்துத் திருமுழுக்குத் தொட்டியருகே வைத்துவிடுவார்கள். வீட்டிலும் இரவுச் செபத்துக்குப்பின் திரியை அணைத்து, மிச்சத் துண்டை ஒரு தாளில் சுற்றி, ஆண்டை எழுதி, விவிலியத்தின் பக்கத்தில் வையுங்கள். வீட்டில் யாருக்காவது திருமுழுக்கு நாள் வரும்போது ஐந்து நிமிடம் அதை ஏற்றலாம். சுவரில் ஒட்டிய செபத்தாளை எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை காலை, பால் காய்ச்சும் நேரத்தில், மூவேளைச் செபம் மறுபடி தொடங்கும்.